நான்கு தட்டும் நான்கு முட்டையும்

ஈப்போவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் யாருக்கும் தட்டு திரும்பி வருவதில்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் கொடுக்கிறேன். "டப்பா வேணாம்லா, தூக்கிப் போட்டுடுங்க" என்று நானே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு வந்து, யாராவது கதவைத் தட்ட மாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இன்று அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழம்பு கொண்டுபோன தட்டு வெறுமையாகத் திரும்பாது. வேறொன்றும் இல்லாவிட்டால் இரண்டு பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு கை சீனி. அதுவாவது இருக்கும்.

கடைசி வீட்டில் பெரியம்மா இருந்தார். சொந்தமில்லை. அம்மாவோடு சேர்ந்து பால்மரம் சீவப் போகிறவர். அம்மா அவரை அக்கா என்பதால் எனக்குப் பெரியம்மா. அந்த வருடம் பெரியப்பா ரப்பர் பால் ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். மூன்று பிள்ளைகள். பெரியம்மா ஒருத்தியின் சம்பளம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மா என்னிடம் சாப்பாடு கொடுத்தனுப்புவார். முதலில் தட்டு முருங்கைக்கீரையோடு திரும்பியது. பிறகு நான்கு மிளகாயோடு. முருங்கை மொட்டையான பிறகு தட்டே வரவில்லை. இப்படி நான்கு தட்டுகள் அங்கேயே தங்கிவிட்டன. அம்மா ஒன்றும் கேட்காமல் வாழையிலையில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். இலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? பொட்டலத்தை வாங்கும்போது பெரியம்மா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கூச்சப் பிள்ளையான எனக்கு அது வசதியாகவே இருந்தது.

ஆனால் அந்த நான்கில் ஒன்று என் தட்டு. பள்ளி விளையாட்டுப் போட்டியில் சாக்கு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்தார்கள். ஓடியது நான்கு பேர், அதில் ஒருத்தி விழுந்துவிட்டாள். நடுவில் சேவல் படம் போட்ட எனாமல் தட்டு. என் ஒன்பது வயது வரை நான் ஜெயித்த ஒரே பொருள்.

மழை பெய்து மரம் சீவ முடியாத ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்னா கண்ணு, மழையில நனைஞ்சிக்கிட்டு? அம்மா எதாச்சும் குடுத்து விட்டாங்களா?"

"இல்ல பெரியம்மா. என் தட்டு."

அவர் மகள் உள்ளிருந்து சிரித்தாள். "சேவல் தட்டுக்காரி வந்துட்டாம்மா! சாக்குல குதிச்சி மூணாவதா வந்தவ!"

"சும்மா இருடி."

தட்டுகள் சாம்பல் போட்டுத் தேய்த்து, பளபளவென்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பெரியம்மா ஒரு டின்னைத் திறந்து பார்த்து மூடினார். இன்னொன்றையும் திறந்து மூடினார்.

"சின்னப் புள்ளதானே, அப்படியே குடுத்து அனுப்பு" என்றார் பெரியப்பா, படுத்தபடியே.

"வெறுந்தட்ட எப்படிங்க குடுக்கிறது?"

பெரியம்மா மழையோடு பின்பக்கம் போனார். கோழி அலறும் சத்தம் கேட்டது. தலையில் துண்டும் முந்தானையில் நான்கு முட்டையுமாகத் திரும்பினார். தட்டுகளை அடுக்கி, மேலே இருந்த என் சேவல்மீது முட்டைகளை வைத்தார்.

"நாலு தட்டு, நாலு முட்ட. உருட்டிடாம போ. பெரியம்மா குடுத்தாங்கன்னு அம்மாகிட்ட சொல்லு."

வீட்டில் அம்மா முட்டையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். "அலமாக்! சூடா இருக்கே?"

"இப்பத்தான் போட்டிருக்கும்மா."

"நாலும் இப்பவா போட்டுச்சி? முந்தாநேத்து அடைக்கு வெச்சதுடி. குஞ்சு பொரிச்சா வளத்து விக்கலாம்னு இருந்தாங்க. ஒன்ன யாரு தட்டு கேக்கச் சொன்னா?" என் காது சிவக்கத் திருகினார்.

"கொண்டுபோயி திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார் அப்பா.

அம்மா முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியில் வைத்தார். "வேணாங்க. அவங்க குடுத்தத நான் திருப்பி அனுப்பவா?"

அன்று எங்கள் வீட்டில் முட்டை சம்பல்.

மறுநாள் வேலை விட்டதும் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியப்பா விழுந்த பிறகு அவர் எங்கள் படி ஏறியதே இல்லை. அடுப்படியில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முட்ட எப்படி இருந்துச்சி?"

"ஒங்க கோழி முட்ட மாதிரி கடையில எங்கக்கா கெடைக்கும்? இவ ஒருத்தியே ரெண்டு தின்னுட்டா."

"தின்னட்டும்லா" என்று பெரியம்மா சத்தமாகச் சிரித்தார். இரண்டு பேரும் இருட்டும்வரை கங்காணியைக் கிண்டல் செய்து பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை அம்மா இலையை எடுக்கவில்லை. பழையபடி தட்டில்தான் போட்டுக் கொடுத்தார். நான் மட்டும் சேவல் தட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் பெயர்ந்து, சேவலுக்கு வாலில்லை. பக்கத்து வீட்டுக்கு அதில் ஏதாவது வைத்துக் கொடுக்கலாம் என்று எடுப்பேன். பிறகு டப்பாவைத் தேடுவேன்.

அன்று மழையில் தட்டுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தபோது, திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா நனைந்துகொண்டே வாசலில் நின்றார். தலை நிமிர்ந்திருந்தது. என்னைத்தான் பார்த்துச் சிரித்தார். முட்டை உடைந்துவிடக் கூடாதே என்றுதான் நிற்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் மெதுவாக நடந்தேன்.