வேதநாயகியின் ளகரம்

அறுபதுகளின் தொடக்கத்தில் புனா சோம்வார் பேட்டையில் ஒரு சுவர் விரிசல் விட்டாலும், ஒரு படி ஆடினாலும், வாடகைக்குக் குடியிருந்த பெண்கள் முதலில் போய்க் கேட்டது வேதநாயகியைத்தான். வக்கீலிடம் அதற்கப்புறம் போவார்கள். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். சுவரைப் பார்ப்பாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால், அதைச் சரிபண்ண வேண்டியது வீட்டுக்காரரா குடியிருப்பவரா என்பது கேட்டவளுக்கே விளங்கிவிடும்.

அவள் கணவன் சுப்பையா கதவுக்குப் பின்னால் நின்று இதைப் பார்ப்பான். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வியப்பு குறைந்ததில்லை.

கல்யாணமான புதிதில் அவளைத் தென்காசிப் பக்கத்திலிருந்து அழைத்து வந்தபோது, ஸ்டேஷனிலிருந்து வந்த டாங்காக்காரன் ஒரு பழைய மரவாசலைக் காட்டி, "வாடா, வாடா" என்றான். வேதநாயகி வண்டியை விட்டு இறங்கவில்லை.

"எவன் அவன், ஒங்கள வாடாங்கான்?"

"ஏளா, வீட்டைச் சொல்லுதான். முத்தம் வச்ச பெரிய வீட்டுக்கு இங்க வாடான்னு பேரு. எறங்கு."

இறங்கினாள். ஆனால் அன்றிலிருந்து அந்த ஊரின் ஒவ்வொரு வார்த்தையையும், கடையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தே எடுத்தாள். சுப்பையாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கிர்க்கி தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பகுதியில் அவனுக்கு வேலை. அங்கே பேசிய இந்தியே போதும் என்றிருந்தான். முற்றத்துக் குழாயடியில் வேதநாயகி மராத்தி கற்றாள். கீழ்வீட்டு யமுனாபாய் வாய் ஓயாமல் பேசுகிறவள். தையல் மிஷினோடும் பேசுவாள். அவளிடமிருந்து வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன.

ஒருநாள் வேதநாயகி குடத்தை இறக்கி வைக்காமலே சொன்னாள். "ஏங்க, இந்தூர் பாஷையில நம்ம ள இருக்கு! கொழாய்க்கு நள். பிள்ளைக்கு பாள். கூரை ஒழுவுனா களதி. கேட்டியளா?" சொந்தக்காரர் ஒருவரைச் சந்தையில் எதிர்பாராமல் கண்டவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"இந்தியில ள கிடையாது. நீ உங்கூரு நாக்கால சொல்லுத" என்றான் சுப்பையா.

"இது இந்தி இல்லல்லா?"

எல்லாம் ஒன்றுதான் என்பது அவன் எண்ணம்.

ஐம்பத்தெட்டில் மழை பிடித்த முதல் வாரம். மாடியில் அவர்கள் இருந்த இரண்டு அறையில் உள்ளறை உத்தரத்தில் இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதில் வேதநாயகி புடவையைக் கட்டித் தூளி போட்டிருந்தாள். பிள்ளை நீலாவுக்கு நாலு மாதம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டது. தூளிக்குள் கையை விட்டால் சொதசொத என்று ஈரம். பிள்ளையின் வேலை என்று நினைத்தாள். அண்ணாந்து பார்த்தால், உத்தரம் கறுத்து ஊறி, அதன் நுனியில் அடுத்த சொட்டு உருண்டு திரண்டு நின்றது.

"மாலக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. களதின்னு சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

"களதி இல்லட்டி. கல்தி" என்று திருத்திவிட்டு இறங்கினான் சுப்பையா. தொழிற்சாலையில் விரிசல் விட்ட உருப்படியை ஒதுக்கி வைக்கும்போது ஃபோர்மன் 'கல்தி மால்' என்பார். கோளாறு எதுவானாலும் கல்தி. கூரைக்கும் அதே வார்த்தைதானே?

முற்றத்தைக் கடப்பதற்குள் தலையும் சட்டையும் நனைந்துவிட்டன. வீட்டுக்காரரான மாலக் தத்தோபந்த் கீழ்க்கூடத்தில் ஊஞ்சலில் இருந்தார். இரண்டு நண்பர்களோடு சீட்டாட்டம். சுப்பையா கையைக் கட்டிக்கொண்டு தன் இந்தியில் சொன்னான்:

"ஸாஹப், ஹமாரா கல்தி ஹை."

ஊஞ்சல் நின்றது. "துமாரா கல்தி?"

"ஹாங், ஸாஹப். பஹுத் படா கல்தி."

தத்தோபந்த் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். "ஐக்லம் கா?" என்றார். கேட்டீர்களா என்று அர்த்தம். அவர்கள் தலையாட்டினார்கள். சுப்பையாவும் கூடச் சேர்ந்து தலையாட்டிவிட்டு மாடிக்கு வந்தான்.

"ரொம்ப நல்ல மனுசன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல" என்று வேதநாயகியிடம் சொன்னான்.

கூரைக்கு ஆள் வரவில்லை. ஆவணியில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. குடியிருப்பவர் உத்தரத்தில் வளையம் அடித்துத் தூளி கட்டிக் கூரையைக் கெடுத்துவிட்டார். தன் தவறுதான், பெரிய தவறு என்று இரண்டு கண்ணியமான மனிதர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டும் விட்டார். ஆகவே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"தவறுன்னு ஒத்துக்கிட்டியளா? என்ன சொன்னிய? அப்படியே சொல்லுங்க."

சுப்பையா சொன்னான்.

வேதநாயகிக்குச் சிரிப்பு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்தி என்றால் இந்தியில் தப்பு. ஒழுகுகிறது என்று சொல்லப் போனவன், தப்பு என்னுடையது, பெரிய தப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். சிரிப்பு நின்றபோது தூளியைப் பார்த்தாள்.

"ள போட வேண்டிய எடத்துல ல போட்டுட்டியளே. பிள்ளைய வச்சிக்கிட்டு இந்த மழையில எங்க போக? ஒத்த எழுத்துல தொங்குது வீடு."

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே யமுனாபாயிடம் போய்விட்டாள்.

யமுனாபாய்க்கு அதே மாலக்கோடு சாக்கடைத் தகராறு; கோர்ட்டுப் படி அவளுக்குப் பழகிய படி. கூரை, வெளிச்சுவர், உத்தரம், மாடிப்படி, சாக்கடை எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பது மாலக்கின் கடமை என்றாள். குடியிருப்பவர் கவனக்குறைவாகக் கெடுத்தது மட்டும் குடியிருப்பவர் தலையில். மாலக் செய்யாவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, உரிய நாள் பொறுத்து, குடியிருப்பவரே செய்து வாடகையில் சட்டம் சொன்ன அளவுக்குள் கழித்துக்கொள்ளலாம். "துட்லம் கீ தோட்லம், அதுதான் விஷயம் பாய்" என்று முடித்தாள்.

வேதநாயகி மாடிக்கு வந்து சுப்பையாவிடம் அதைத் தமிழில் சொன்னாள்: "ஒடஞ்சுதா, ஒடைச்சமா? ஒடஞ்சது அவருது. ஒடைச்சது நம்மது."

சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றி வந்தாள். ஒவ்வொன்றையும் தொட்டுச் சொன்னாள். "உத்தரம், ஒடஞ்சது. ஓடு, ஒடஞ்சது. செவுரு காறை, பேந்தது. இந்தச் சன்னல் கண்ணாடி..." நின்றாள். "இது நீங்க சைக்கிளத் தூக்கிட்டு வரையில இடிச்சது. ஒடைச்சது."

அந்த வாரமே கண்ணாடியை மாற்றினாள். வீடே கையை விட்டுப் போக இருக்கும்போது அதில் ஒரு கண்ணாடியை மாற்றுகிற பெண்ணைச் சுப்பையா அதற்கு முன் கண்டதில்லை. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனான். அவள் கண்ணாடிக்காரனிடம், சன்னல் சட்டத்தில் மக்குப் பசை சரியாக வைக்கவில்லை என்று மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் முழுதும் வெண்கலப்பானை உள்ளறைத் தரையில் உட்கார்ந்து சொட்டு வாங்கியது. தூளி முன்னறைக்கு மாறியது. தீபாவளிக்குப் பிறகு வழக்கு எடுக்கப்பட்டது.

கோர்ட்டின் உயரமான கூரையைச் சுப்பையா அண்ணாந்து பார்த்தான். இவ்வளவு பெரிய இடத்தில் தன் தூளியைப் பற்றிப் பேசப் போகிறார்களா? சுப்பையாவின் வக்கீல் பேச வேண்டியதைப் பேசினார். வளையம் பற்றி யமுனாபாய் சாட்சி சொன்னாள். தான் மருமகளாக அந்த வாடாவுக்குள் வந்த நாளில் மாலக்கின் தாயார் அந்த வளையத்தில்தான் ஊஞ்சல் கட்டி ஆடிக்கொண்டிருந்தார், அவர் ஆடியபோது விழாத உத்தரமா தூளிக்கு விழும் என்றாள். அந்த அம்மாள் நல்ல கனம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு மாலக்கின் வக்கீல் சுப்பையாவைக் கேட்டார். "கல்தி உம்முடையது என்று நீர் சொன்னீரா, இல்லையா?"

பொய் சொல்ல வரவில்லை. "சொன்னேன், ஸாஹப்."

கூடத்தில் சலசலப்பு. பின்வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த வேதநாயகி எழுந்தாள். சேவகன் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. மெல்லிய குரலில், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்து, மராத்தியில் நீதிபதியிடம் சொன்னாள்: "ஸாஹேப், என் புருஷனிடம் இன்னும் ஒரே கேள்வி. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால் அதற்கு என்ன பேர் என்று கேளுங்கள்."

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு சுப்பையாவைக் கேட்டார்.

"கல்தி, ஸாஹப்" என்றான் சுப்பையா.

"என் குமாஸ்தா கணக்கைத் தப்பாக எழுதினால்?"

"அதுவும் கல்தி, ஸாஹப்."

"உன் தொழிற்சாலையில் விரிசல் விட்ட உருப்படி?"

"அதுவும்..." என்று தொடங்கிய சுப்பையாவுக்கு, எல்லோரும் சிரித்த பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. சேவகன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தத்தோபந்தைப் பார்த்தார். "நல்ல மழையில், சட்டை சொட்டச் சொட்ட ஒருவன் வந்து உங்கள் முன்னால் நிற்கிறான். அவன் நாக்கில் ள வரவில்லை, சரி. உங்கள் காதில் ள இருக்கிறதே? நீங்கள் ஒரு தடவையாவது கூரையை அண்ணாந்து பார்த்தீர்களா?"

தத்தோபந்த் அப்போதும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோர்ட்டிலிருந்து ஒருவர் வந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, பல வருஷ ஈரத்தில் உளுத்தது என்று எழுதினார். வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் மாலக் கூரைக்கு ஆள் அனுப்பவில்லை. வேதநாயகி நோட்டீஸ் அனுப்பினாள். நோட்டீஸில் குறித்த நாளும் கழிந்தது. அடுத்த மழைக்கு முன்னால், நல்ல வெயிலில், தச்சரையும் ஓடு மாற்றுகிறவர்களையும் அவளே அழைத்து வந்தாள்.

ஓடுகளை இறக்கிய அன்று சுப்பையா தொழிற்சாலையிலிருந்து திரும்பி உள்ளறைக்குள் நுழைந்தான். அறை நிறைய வானம் இருந்தது. துணிப்பெட்டி, கழற்றி வைத்த தூளி வளையம், சுவர்க் கண்ணாடி எல்லாவற்றின் மேலும் நேராக விழும் வெளிச்சம். ஒரு பருந்து அவன் வீட்டுக்குள் வட்டமடித்தது. பழைய உத்தரம் கீழே கிடந்தது. விரலால் அழுத்தினால் கரும்புச் சக்கை மாதிரி உள்ளே போனது. இதற்குக் கீழேயா படுத்திருந்தோம்?

அடுத்தவர் வீடு. அதன் தலையையே திறந்து வைத்துவிட்டாளே. சுவரில் ஆணி அடிக்கக்கூட மாலக்கின் இருமல் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறவன் அவன். வேதநாயகி ஏணியின் நாலாவது படியில், கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே இருந்தவனிடம் எதையோ மறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னளா சொல்லுதான்?"

"அலமாரி ஒண்ணு சேத்து அடிச்சுத் தரட்டுமாங்கான். வேண்டாம்னுட்டேன். இருந்ததச் சரிபண்ணலாம். இல்லாததக் கட்டுனா அதையே சாக்கா வச்சு வெளிய தள்ளுவாக. ஏணியப் பிடிங்க, ஆடுது."

அவன் ஏணியைப் பிடித்தான். பிடித்துக்கொண்டு அண்ணாந்தான்.

மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தது. சுப்பையா வெண்கலப்பானையைக் கொண்டுபோய் உள்ளறைத் தரையில், போன மழை போட்ட வெள்ளை வட்டத்தின் மேல் சரியாக வைத்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். புது உத்தரத்தில் மாட்டிய பழைய வளையத்தில் தூளி மறுபடி தொங்கியது. அதற்கு வேண்டாத அளவு வளர்ந்துவிட்ட நீலா அதில் படுத்துக் காலை வெளியே நீட்டியிருந்தாள். ஓட்டின் மேல் மழை கொட்டிற்று. புது மரத்தின் வாசனை இறங்கியது. அவன் கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

கீழேயிருந்து யமுனாபாயின் குரல்: "மத்ராஸி பாய்! நாலாம் வீட்டுக்காரி வந்திருக்கிறாள், படி ஆடுகிறதாம்!"

"துட்லம் கீ தோட்லம்?" என்று அடுப்படியிலிருந்தே கத்திக் கேட்டாள் வேதநாயகி. பிறகு அறைக்குள் வந்து, குனிந்து பானையை எடுத்தாள். கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பானைய எங்க வச்சிருக்கிய? ஒல வைக்கணும்."

அவள் போனபின் சுப்பையா அந்த வெள்ளை வட்டத்தில் உள்ளங்கையை வைத்தான். தரை உலர்ந்திருந்தது. தலைக்கு மேலே மழை இன்னும் கனத்தது. "களதி இல்ல" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். ள சரியாக வந்தது.