வயோமிங் வேட்டைச் சீட்டு

ஜார்ஜியா, ஜெர்மனி, கான்சாஸ் என்று ராணுவம் எங்களை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும், எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் என் அப்பா வெர்லின் ஸ்ட்ரவுட் "வயோமிங்" என்றே சொல்வார். இலையுதிர் காலத்தில் தம்பியோடு எல்க் மான் வேட்டைக்கு அங்கே போய்விடுவார். எங்கே இருந்தாலும் சட்டப்படி சிப்பாய் சொந்த மாநிலத்துக்காரன்தான் என்பதால், வேட்டை அனுமதிச் சீட்டும் உள்ளூர் விலையில் கிடைத்தது.

தன் ராணுவக் கல்வி உதவியை அம்மாவின் நர்சிங் டிப்ளமா படிப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய ராணுவப் பணி முடிந்ததும், அம்மாவுக்கு வேலை கிடைத்த மொன்டானாவில் குடியேறினோம். அப்பா அங்கே அரசுக் கல்லூரியில் எக்ஸ்ரே பட்டப்படிப்பில் சேர்ந்தார். வெளிமாநிலத்திலிருந்து வந்த முன்னாள் சிப்பாய் இங்கேயே குடியிருப்பதாகக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம். இல்லையென்றால் மூன்று மடங்கு; அது எங்களால் முடியாது.

முதல் அரையாண்டு முடிந்ததும் குடியிருப்பைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். கட்டணப் பிரிவில் நோரீன் என்ற அம்மாள். அவர் மேசையில், சுட்ட மானோடு கணவர் நிற்கும் படம்.

"கொம்புல எத்தனை கிளைங்க?" என்றார் அப்பா.

"ஆறு. அதையே சொல்லிச் சொல்லி மனுஷன் உசிர வாங்குறாரு."

"ஆறெல்லாம் ஒரு கொம்பா? போன அக்டோபர்ல நானும் தம்பியும் அடிச்சது ஏழு. வயோமிங்ல."

"அடேங்கப்பா! வெளியாளுக்கு அங்க குலுக்கல்ல சீட்டு விழறதே கஷ்டமாச்சே?"

"நான் எதுக்கு வெளியாளு? உள்ளூர்ச் சீட்டும்மா." பர்சிலிருந்து எடுத்து நீட்டினார்.

நோரீனின் சிரிப்பு நின்றது. "இத ஏங்க எங்கிட்ட காட்டுனீங்க?"

"ஏன், என்னாச்சு?"

"வயோமிங்ல குடியிருக்கேன்னு அக்டோபர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இங்க குடியிருக்கேன்னு ஆகஸ்ட்லயே போட்டாச்சு. பாத்துட்டு நான் எப்படிக் கண்ண மூடிக்கிறது?"

"காலங்காலமா இப்படித்தாம்மா வாங்குறேன்."

"அப்பல்லாம் நீங்க சிப்பாயா இருந்தீங்க, ஸ்ட்ரவுட். இப்ப இல்லையே."

மேல்முறையீடு தோற்றது. படித்து முடித்த அரையாண்டுக்கும் வெளியூர்க் கட்டணம் போட்டார்கள். அப்பா படிப்பை விட்டு லாரி ஓட்டப் போனார். வேட்டைக்குப் போவதையும் நிறுத்தினார். ஸ்டியரிங்கின் முன்னாலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அதே கல்லூரியில், உள்ளூர்க் கட்டணத்தில் நான் படித்தேன். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்கிறார்கள். அந்தப் பெயர் என்னுடையதுதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த அரையாண்டுக்கு அப்பா கட்ட வேண்டிய பாக்கி ஆறாயிரம் டாலர். "கட்டுனா நான் இந்த ஊர்க்காரன் இல்லன்னு ஒத்துக்கிட்ட மாதிரி" என்று அவர் கடைசிவரை கட்டவில்லை. என்னால் கட்ட முடியும். கட்டினால் அவர் பெயரைக் காப்பாற்றுகிறேனா, அவரைக் காட்டிக் கொடுக்கிறேனா? பாக்கி அவர் பெயரிலேயே நிற்கிறது.