நத்திங் என்றொரு செல்லப்பிராணி

போன சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் கம்ப்யூட்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது.

'உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன?'

வாசலில் லோடு ஏற்றிய லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. நான் கேட் பாஸ் போட்டால்தான் அது கிளம்பும். கேட் பாஸ் போட பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. இந்த நேரத்தில் நாயா, பூனையா என்று விசாரித்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

இந்த இக்கட்டில் நான் வந்து மாட்டிய கதைக்கு, முதலில் ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

விராலிமலைப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் நான் குப்பை கொட்டுகிறேன். எங்கள் கம்பெனியின் ஐ.டி. டிபார்ட்மென்ட் மொத்தமும் ஒரே ஒரு ஆள்தான் — ஆரோக்கியம். ஆவூர்ப் பக்கத்துக்காரர். தங்கமான பிள்ளை. கூப்பிட்ட குரலுக்கு வருவார். அதுதான் அவருக்கு வினை.

பிரிண்டர் பேப்பரை மென்றால் ஆரோக்கியம். மவுஸ் நகராவிட்டால் ஆரோக்கியம். ஃபேன் கிறீச்சிட்டால்கூட ஆரோக்கியம். கரண்டில் ஓடுவதெல்லாம் ஐ.டி. என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். நான் அதற்கும் ஒரு படி மேலே... வீட்டு மிக்ஸியைப் பையில் போட்டு எடுத்துப் போனவன்.

"அண்ணே, இது ஐ.டி. இல்லண்ணே."

"பட்டன் இருக்கேப்பா?"

சாயங்காலம் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தால் போதும். "ஆரோக்கியம், ஒரே நிமிஷம்!" என்று இங்கிட்டு ஒரு குரல், அங்கிட்டு ஒரு குரல். அவர் நாற்காலிக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடப்பதற்குள் இருட்டிவிடும்.

இந்த வருஷம் இந்த 'ஒரே நிமிஷம்' அவர் கழுத்துக்கே கத்தியாக வந்து நின்றது. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் அவருக்குப் பேதுரு வேஷம். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போனதும், 'நீயும் அந்தாளோட இருந்தவன்தானே?' என்று கேட்பவர்களிடம், 'தெரியவே தெரியாது' என்று மறுபடி மறுபடி மறுப்பாரே... அப்புறம் சேவல் கூவியதும் உடைந்து அழுவாரே... அந்தப் பேதுரு. வசனமே இல்லாமல் கூட்டத்தில் நின்று, ஈட்டி பிடித்த சிப்பாயாக நின்று, வருஷக்கணக்கில் காத்திருந்து வந்த வேஷம்.

நாடகத்தை நடத்துவது அவருடைய மாமனார். ஒத்திகைக்கு மாப்பிள்ளை தினமும் லேட்டாக வருவதைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாராம். "சனிக்கெழம ஒத்திகைக்கு நேரத்துக்கு வரலைன்னா மாப்ளைன்னு பாக்க மாட்டேன். ஒங்க மச்சானுக்கு வசனம் பூராம் மனப்பாடம், பாத்துக்கங்க."

வேஷம் கையை விட்டுப் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மச்சான் கைக்குப் போவதைத் தாங்க முடியுமா?

ஆரோக்கியம் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு போர்ட்டல் தயார் செய்தார். பெயர், 'நீங்களே'. பாஸ்வேர்டு மறந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பிரிண்டரை நீங்களே சேர்க்கலாம். சாஃப்ட்வேர் வேண்டுமா? நீங்களே இறக்கிக்கொள்ளலாம். முடியாததற்கு மட்டும் 'டிக்கெட்' என்று ஒரு கோரிக்கையை அதிலேயே எழுதிப் போட வேண்டும்.

எங்களுக்கு எப்படி இருந்தது தெரியுமா? கல்யாண வீட்டில் இலை போடாமல், தட்டைக் கையில் கொடுத்து 'அந்தா இருக்கு, எடுத்துப் போட்டுக்கங்க' என்று சொன்ன மாதிரி இருந்தது. வயிறு நிறையும். ஆனால், 'இன்னுங் கொஞ்சம் வைக்கவா?' என்று கேட்க ஆள் இல்லையே! நமக்குச் சோறு பாதி, கேட்பது பாதி இல்லையா?

"நம்ம ஆரோக்கியமே நம்மளை மிஷின்கிட்டப் போகச் சொல்லிருச்சே" என்று அக்கவுன்ட்ஸ் லதா மேடம் அன்று டீயே குடிக்கவில்லை.

நான் போட்ட முதல் டிக்கெட் இது: 'அன்புள்ள ஆரோக்கியம், சாப்பிட்டாச்சா? பிரிண்டர் ஓடவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?' உடனே பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது.' சரி... சாப்பிட்டாரா, இல்லையா?

மேனேஜர் மேடம்தான் பஞ்சாயத்தை முடித்து வைத்தார். "ஆரோக்கியம், சனிக்கிழமை மத்தியானமே நீங்க கெளம்புங்க. ஆபீஸ்லேருந்து ஒரு போன்கூட ஒங்களுக்கு வரலைன்னா, போர்ட்டல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நாடகம் முடியிற வரைக்கும் தினம் அஞ்சு மணிக்கே போயிருங்க. போன் வந்துச்சுன்னா, பழையபடி ஆளே ஒக்காந்து பாக்க வேண்டியதுதான்."

ஆரோக்கியம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்தை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

அந்த வாரமே ஒவ்வொரு சீட்டாக வந்து, பாஸ்வேர்டு மறந்தால் கம்ப்யூட்டர் கேட்பதற்கு ஒரு ரகசியக் கேள்வியைப் பதிய வைத்தார். 'யாருக்கும் தெரியாத பதிலாக இருக்கட்டும்' என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். நம் ஊரில் ரகசியம் என்றால் சும்மாவா? என் சீட்டைச் சுற்றி செக்‌ஷனே கூடிவிட்டது.

"செல்லப்பிராணி எதுண்ணே வளத்தீங்க?" என்றார் ஸ்டோர்ஸ் பாண்டி.

"ஒண்ணும் வளக்கலையேப்பா."

"ஒங்க மாமனார் வீட்ல ஜல்லிக்கட்டுக் காளை நிக்கிதுல்ல, கருப்பன்? அதைப் போடுங்க."

"அது வாசல்ல என்னை ஏற விடாது. அது எப்படிச் செல்லம்?"

"அப்ப மயிலைப் போடுங்க சார். தினம் நம்ம காம்பவுண்டுக்கு வருதே" என்றார் லதா மேடம்.

விவாதம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் எதையோ அடித்தேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. கூட்டம் கலைந்தது. எதை அடித்தேன் என்பதும் என் தலையிலிருந்து கலைந்துவிட்டது.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம்.

'கருப்பன்' என்று அடித்தேன். தவறு. 'மயில்' என்று அடித்தேன். தவறு. இன்னொரு தரம் தப்பினால் கணக்கைப் பூட்டிவிடுவேன் என்று மிரட்டியது.

லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "சார், கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போயிருவேன்ல?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ங்க."

"அப்ப அதுகிட்டச் சொல்லுங்க சார்."

அதுதான் கேட்க மாட்டேன் என்கிறதே! யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மாடிப்படிக்குப் போனேன். ஆரோக்கியத்துக்குப் போன் போடக் கூடாதுதான். ஆனால், ஒரே நிமிஷம்தானே?

எடுத்தார். பின்னால் ஒத்திகைச் சத்தம். நான் வாயைத் திறந்து "ஆரோக்கியம், நான்தாம்ப்பா..." என்பதற்குள் மாமனாரின் கணீர்க் குரல் குறுக்கே வந்தது. "யாரு மாப்ள போன்ல? ஆபீஸ் ஆளா?"

உடனே ஆரோக்கியத்தின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"இல்ல மாமா! இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது! சத்தியமாத் தெரியாது!"

"ஆங்... இதான், இதான்! இத்தன நாளா இந்த நடுக்கம் எங்க போச்சு? இதே மாதிரி மேடையில சொல்லுங்க!"

போன் கட்டாகிவிட்டது.

போனைச் சட்டைப்பையில் போட்டேன். ஒரு கலைஞனை உருவாக்கிய திருப்தி இருந்தது. கேட் பாஸ்தான் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தால், லதா மேடம் எட்டிப் பார்த்தார். "என்ன சார் முழிக்கிறீங்க?"

கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சொன்னேன். "என்னோட ரகசியப் பதில் மறந்துருச்சு மேடம்."

"அட, இதுக்கா? எதுவுமே வளக்கலைன்னு கோவமா 'நோ'ன்னு அடிச்சீங்க. எழுத்து பத்தலைன்னுச்சு. அப்புறம் 'நத்திங்'னு அடிச்சீங்களே சார்!"

பக்கத்து சீட்டு தலையாட்டியது. எதிர் சீட்டும் தலையாட்டியது. செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர!

'நத்திங்' என்று அடித்தேன். கதவு திறந்தது. புதுப் பாஸ்வேர்டு கேட்டது. "கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கங்க" என்றேன். மொத்த செக்‌ஷனும் மரியாதையாகச் சுவரைப் பார்த்தது. அடித்து முடித்தேன். லாரி கிளம்பியது. நானே செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நம் ஊரில் 'நீங்களே' என்றால் குறைந்தது நாலு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் அன்று புரிந்தது. பட்டனை அமுக்கத் தெரியாமல் நாம் ஆரோக்கியத்தைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருகிறாரே என்றுதான் கூப்பிட்டோம். நமக்கு அது பிரியம். அவருக்கு அது சாயங்காலம்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் மேடம் எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஆரோக்கியம், சனிக்கிழமை ஆபீஸ்லேருந்து யாராவது போன் பண்ணாங்களா?"

"யாருமே பண்ணல மேடம்" என்றார் பேதுரு. குரலில் நடுக்கமே இல்லை. நன்றாகத் தேறிவிட்டார்.

மேடத்தின் பார்வை நேராக என்னிடம் வந்தது. "நீங்க, சார்?"

"நானா? ஆரோக்கியம் நம்பரே எங்கிட்ட இல்லைங்க மேடம்."

பின்வரிசையில் ஸ்டோர்ஸ் பாண்டி தொண்டையைச் செருமினார். சனிக்கிழமை மாடிப்படிக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்த பாவி அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாக ஒரு கூவு கூவினார்.

"கொக்கரக்கோ..."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி, "மயிலு இன்னைக்குச் சீக்கிரமே வந்துருச்சு போலயே?" என்றார்.

ஆரோக்கியம் அன்று அஞ்சு மணிக்கே கிளம்பினார். பாண்டி மட்டும் சேவல் வேஷத்துக்கு முயற்சி செய்ய வேண்டாம்!