இத்தாலிக்குப் போன ஐந்து நாள்

நாற்பதாவது பிறந்தநாளுக்கு என் மனைவி எனக்கு இத்தாலியைக் கொடுத்தாள். விமான டிக்கெட்டும், முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு பெரிய சாம்பல் நிறப் பையும். "தனியா ஊர் சுத்தணும்னு கல்யாணம் ஆனதுலேருந்து சொல்லிட்டே இருக்கீங்க. போயிட்டு வாங்க. எங்களுக்கும் அஞ்சு நாள் நிம்மதி" என்றாள். அவள் வேலை பார்த்த குழந்தைகள் டேகேரில் லீவு கிடைக்காது, மகளுக்குப் பள்ளிக்கூடம். இரண்டு மாதம் உட்கார்ந்து தேடி, கடலோரத்தில் மூன்று சின்ன ஊர்களைப் பொறுக்கி வைத்தேன். மத்தியானமானால் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிற ஊர்கள். நியூ ஜெர்சியில், இந்தப் பிளெய்ன்ஸ்பரோவில் பதினோரு வருடம் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. தூங்குகிறவர்களையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை.

கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வேலை போயிற்று. பத்து நிமிட மீட்டிங், முகம் தெரியாத ஒரு பெண்மணி, முடிந்தது. எங்களைப் போல வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கு வேலை போனால் அறுபது நாள் தவணை. அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். நடுவில் நாட்டை விட்டு வெளியே போனால் அந்த அறுபது நாளும் அத்தோடு காலி என்று வக்கீல் போனில் சொன்னார். மனைவியின் விசா என் விசாவோடு ஒட்டிக்கொண்டிருப்பது. மகள் இங்கே பிறந்தவள். வீட்டில் அவள் ஒருத்திதான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாதவள்.

வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி லைப்ரரியில் உட்கார்ந்து அப்ளிகேஷன் போட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வருவேன். மனைவி எனக்குக் கம்பளி சாக்ஸ் வாங்கி வைத்திருப்பாள். வாய் வராது. நான் கோழை. பதினோரு வருடத்தில் அதை நன்றாக மறைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் என்னை ரயில் ஏற்றிவிட்டாள். பையில் புளியோதரை. விமான நிலையத்தில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அங்கேயே நின்ற கடற்கரை ரயிலில் ஏறினேன். நியூ ஜெர்சியை நான் தாண்டவே இல்லை.

இறங்கியது ஒரு சின்னக் கடலோர ஊர். கோடைக்காலத்தில் கூட்டம் நெரியுமாம். அக்டோபரில் ஈ, காக்கை இல்லை. ஐஸ்கிரீம் கடை மூடல், மீன் கடை மூடல், ராட்டினத்துக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் தேடிய தூங்குமூஞ்சி ஊர் வீட்டிலிருந்து சில மணி நேரத் தூரத்திலேயே இருந்திருக்கிறது. திறந்திருந்தது ஒரே ஒரு பீட்சா கடை. அதன் வாசலில் இத்தாலிக் கொடி பறந்தது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய தாத்தா அந்த நாட்டிலிருந்து வந்தவராம். நீங்கள் போயிருக்கிறீர்களா என்றேன். எங்கே போக, கடையை யார் பார்ப்பது என்றார். இத்தாலி பார்க்காத இரண்டு பேரும் அந்தக் கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

மறுநாள் காலை ஏழே கால் மணிக்கு, இரவு தங்கிய அறையிலிருந்து அந்தப் படத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். இத்தாலியில் அப்போது மத்தியானம் ஒன்றே கால். மனைவி குழந்தை மாதிரிச் சிரித்தாள். "நல்லா சாப்பிடுங்க. லேப்டாப்ப தொறக்காதீங்க, என்ன?" என்றாள். லேப்டாப்பை மூடாமல்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாளும் அதே ஏழே காலுக்குக் கூப்பிட்டேன், மகள் கடலைக் காட்டச் சொன்னாள். நானும் உற்சாகமாகக் கரைக்கு ஓடி வீடியோவில் காட்டினேன்.

"வொய் இஸ் த சன் ஸோ லோ, அப்பா?" என்றாள். மத்தியானம் ஒரு மணிக்குச் சூரியன் ஏன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று கேட்கிறாள். இங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"குளிர்காலம் வருதுல்ல, இங்க அப்படித்தான் கண்ணு" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். மகள் ஓகே என்றாள். பின்னாலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். "சரி, குளிர்ல நிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மீதி நாட்களில் நாற்பது இடங்களுக்காவது அப்ளிகேஷன் போட்டிருப்பேன். ஒரே ஒரு கம்பெனி போனில் பேசியது. கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொன்னேன். காற்று இரைந்ததில் பாதிக் கேள்வி காதில் விழவில்லை. தகவல் சொல்கிறோம் என்றார்கள். அந்தக் குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. புளியோதரை கெட்டுப் போயிருந்தது, கொட்டினேன்.

ஐந்தாம் நாள் பிரின்ஸ்டன் ஜங்ஷன் பார்க்கிங்கில் மனைவி காரோடு காத்திருந்தாள். பையைப் பின்னால் போட்டுவிட்டு ஏறினேன். இத்தாலி எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை. "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்றாள்.

"நாப்பத்து மூணு" என்றேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க கெளம்பறதுக்கு முந்தின நாளே. உங்க டீம்ல இருந்தவரோட வைஃப் டேகேருக்கு வந்தாங்க, அவருக்கும் போயிடுச்சாம். அவங்கதான் சொன்னாங்க."

"தெரிஞ்சேதான் ரயில் ஏத்திவிட்டியா?"

"வெளிய போனா நாள் போயிடும்னெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இனிமே எப்ப போகப் போறீங்க, அஞ்சு நாளாவது சந்தோஷமா இருந்துட்டு வரட்டும்னு நெனச்சேன்." ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "அந்தக் கொடி போட்டோவப் பாத்து ஒரு நாள் முழுக்க சந்தோஷமா இருந்தேன். சூரியனப் பாத்தப்பதான் நீங்க போகவே இல்லைன்னு தெரிஞ்சுது."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது போல, கண் வீங்கியிருந்தது. எங்கள் வண்டி அங்கேயே நின்றது.

அந்த நாற்பத்து மூன்று நாளில் ஒன்றும் நடக்கவில்லை. சோபாவையும் கட்டிலையும் கிடைத்தவர்களுக்குக் கொடுத்தோம். கோயம்புத்தூருக்குக் கிளம்பும் அன்று பெட்டிகளில் இடம் இல்லாமல், இத்தாலிக்கென்று வாங்கிய பையையும் எடுத்தோம். மகள் தன் குளிர்கால ஜாக்கெட்டைக் கொண்டுவந்து அதில் திணித்தாள்.

"அங்க இது வேண்டாம்டி, குளிரவே குளிராது" என்றாள் மனைவி.

"ஐ நோ. இட்ஸ் ஃபார் வென் வி கம் பேக்" என்றாள் மகள். திரும்பி வரும்போது வேண்டுமாம்.

மனைவி ஜாக்கெட்டை அமுக்கிப் பிடித்தாள். ஜிப்பை நான் இழுத்து மூடினேன்.