தவமணி அக்காவின் துவக்குக்கு நான் வைத்த பொட்டு

செய்தி வந்தபோது நான் கோவில் மடைப்பள்ளியில் மோதகத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த கைத்தொலைபேசி நடுங்கியது. மடைப்பள்ளியில் தொலைபேசி எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். ஆனாலும் துரீட்டின் பெயரைக் கண்டதும் எடுத்தேன். துரீட், முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் எங்களோடு வேலை செய்கிற நோர்வேப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் யாரையும் தொந்தரவு செய்யமாட்டார். "பரமேஸ், தவமணி இன்று காலை போய்விட்டார். இதயம்" என்றார்.  பிறகு அவர்தான், "அந்தச் சந்தனம் நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மா பிசைந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். அன்று அவர்களுக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

தவமணி அக்காவை உங்களில் பலருக்குக் கோவில் பூமாலைக்காரியாகத் தெரியும். திருகோணமலையில் பிறந்து, வடநோர்வேயில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க வேலை செய்து, பிறகு ஒஸ்லோ வந்து, ஸ்தொவ்னரில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்தவர். நான் மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவர் படித்தவர். ஆனால் சலவை இயந்திரத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்றுதான். அவரிடம் ஒரு குறை இருந்தது. வெடிச் சத்தம் ஆகாது. யாராவது இரும்புத் தட்டைக் கீழே போட்டாலே மேசைக்கு அடியில் இருப்பார். பிறகு வெட்கத்தோடு எழும்பி, "காலுறை ஒண்டு விழுந்திட்டுது" என்பார். அவர் தேடிய காலுறைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு பட்டாளத்துக்குப் போதும். மே பதினேழு, இந்த நாட்டின் பெருநாள். அன்று பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள், கோட்டையில் பீரங்கி மரியாதை நடக்கும். அக்கா அன்று யன்னல்களை அடைத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பார். மகள் நிலா பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவளுடைய ஒரு ஊர்வலத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. நிலாவின் மகள் அடுத்த வருடம் முதன்முதலாக ஊர்வலம் போகப்போகிறாள் என்று தெரிந்தபோது, "இதையும் விட்டால் நான் என்ன அம்மம்மா" என்று என்னிடம் கேட்டார்.

துரீட் ஒரு கைத்துப்பாக்கிக் கழகத்தில் இருபது வருடமாக உறுப்பினர். அவர்தான் ஒருநாள் போர்வை மடித்துக்கொண்டே அக்காவிடம் சொன்னார், "சத்தம் எப்போது வரவேண்டும் என்று நீயே முடிவு செய்கிற இடம் ஒன்று இருக்கிறது, வா." நான் அக்காவைத் தனியே இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டேன்.

"அக்கா, துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்க?"

"அதுதான் புள்ள. யாருக்குப் பயந்து ஓடினனான் எண்டு ஒருக்காத் திரும்பிப் பாக்கோணும்."

கோவிலில் கதை பரவியது. அப்போது ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். "அங்க எல்லாரும் சமாதானம் கதைக்கிறாங்கள், இவ இஞ்ச துவக்குத் தூக்குறா" என்று ஒருவர் அக்காவின் காதில் விழவே சொன்னார். அக்கா மாலை கட்டுவதை நிறுத்தாமல், "எனக்கும் அதுதானண்ணை வேணும், சமாதானம்" என்றார். 

பாதுகாப்பு வகுப்பு, மாதக்கணக்கில் கழகத் துவக்கோடு பயிற்சி, பொலிசின் அனுமதிக் கடிதம் எல்லாம் முடிந்துதான் சொந்தத் துவக்கு வந்தது. அலுமாரிக்குள் காஞ்சிபுரங்களுக்குப் பின்னால் சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டியில் அது இருந்தது. வெளியே சுத்தியல் இல்லாத வகை. உள்ளே ஒரு ஊசி பின்னுக்கு இழுபட்டு நிற்கும். விசையை அழுத்தினால் முன்னுக்குப் பாய்ந்து தோட்டாவைக் குத்தும். அக்கா அதைப் பற்றிக் கதைக்கும்போது மருமகனைப் பற்றிக் கதைப்பது போலிருக்கும். "கழகத் துவக்கு முதல் வெடிக்குப் பாரமா நிண்டு மற்றதுக்கு லேசாப் போகும். இது முதலாவதுக்கும் முப்பதாவதுக்கும் ஒரே குணம்." குறையும் சொல்வார். மேலே உள்ள இரும்பை இழுக்கத் தேங்காய் உடைக்கிற பலம் வேண்டும். கழற்றித் துடைப்பதற்கு முதலில் விசையை அழுத்தவேண்டும். அதனால் அறையை மூன்று தரம் பார்ப்பார், விரலை விட்டும் பார்ப்பார். "வெறும் துவக்கு எண்டு ஒண்டு இல்ல புள்ள. பாத்த துவக்கு, பாக்காத துவக்கு, ரெண்டுதான்." நான் இப்போது அடுப்பை அணைத்தேனா என்று பார்ப்பதற்கும் இந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

துவக்கு நல்லதுதான், ஆனால் தோட்டாக்கள் எல்லாம் குறியின் கீழே இடப்பக்கம் போய் விழுந்தன. சத்தம் வரப்போகிறது என்று கை முன்கூட்டியே பயந்து குனிகிறது என்றார் துரீட். அதற்கு அவர் செய்த வைத்தியம் எனக்குப் பிடித்தது. அக்காவுக்குத் தெரியாமல், உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பொய்த் தோட்டாவை வைத்து நிரப்புவார். அது வரும்போது வெடிக்காது, 'கிளிக்' என்று மட்டும் கேட்கும். ஆனால் துவக்கின் மூக்கு தலை குனிந்து கும்பிடும். பயம் அப்படியே தெரிந்துவிடும். வீட்டிலும் அக்கா வெறும் துவக்கோடு சுவரில் ஒட்டிய புள்ளியைக் குறிபார்த்து அழுத்துவார், இரும்பை இழுப்பார், திரும்ப அழுத்துவார். நான் பக்கத்தில் உருத்திராட்ச மாலையோடு இருந்து நூற்றெட்டு எண்ணிக் கொடுப்பேன். முருகா என்று ஒவ்வொரு மணியும் நகரும்போது அங்கே ஒரு கிளிக். ஆனாலும் சுடும் மைதானத்தில் மூக்கு குனிந்துகொண்டே இருந்தது.

அந்த ஐப்பசியில்தான் அவருடைய முதல் போட்டி வந்தது. முப்பது தோட்டா. "இதைக் குனியாமல் முடிச்சனெண்டால் ஊர்வலத்துக்குப் போவன். முடியாட்டி யன்னலை அடைப்பன்" என்று சொல்லிவிட்டார். போட்டிக்கு முதல் நாள் ஆயுத பூசை. அக்கா வீட்டில் தையல் மெசின், அகப்பை, என் கணவரின் பஸ் சாரதி அட்டை எல்லாம் வைத்தோம். நடுத் தட்டில், மேல் இரும்பு பின்னுக்கு இழுபட்டு வாய் திறந்தபடி, வெறுமையாகத் துவக்கும் இருந்தது. தோட்டாக்கள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. அக்கா எதிரில் இருந்து தேவாரம் பாட, நான் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். துவக்கின் திறந்த வாய்க்குள் பார்த்தால் வட்டமாக ஒரு முகம் தெரிந்தது, அதன் நடுவில் சின்னத் துளை. நெற்றி என்றால் இதுதான் என்று நினைத்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அங்கே அப்பினேன். பூசை முடிந்ததும் ஈரத் துணியால் நானே வழித்துத் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது. துளைக்குள் போனதை யார் கண்டார்கள். அந்தத் துளை வழியாகத்தான் ஊசி வரும் என்பதும் எனக்குத் தெரியாது.

போட்டியன்று நான் பின்வரிசையில் காது மூடியோடு கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். துரீட் நடுவர்களில் ஒருவர். முதல் ஐந்தும் வெடித்தன. இரண்டாவது சுற்றில் அக்கா மூச்சை விட்டார், கையை உயர்த்தினார், அழுத்தினார். கிளிக்.

வெடிக்கவில்லை. அக்கா துவக்கைக் குறியை நோக்கியே பிடித்தபடி, சொல்லிக் கொடுத்தபடியே, மற்றக் கையை உயர்த்தினார்.  எனக்கு நான் பொட்டு வைத்த நெற்றி ஞாபகம் வந்தது. துரீட் பக்கத்தில் வந்து நின்றார். துவக்கைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தார்.

"தவமணி, அது குனியவில்லை" என்றார்.

"எது?"

"மூக்கு. ஒரு மயிரளவும் குனியவில்லை. நான் பொய்த் தோட்டா வைக்கவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை. அது அப்படியே நின்றது."

 அக்காவின் தோள் இரண்டும் கீழே இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். எத்தனையோ வருடம் தூக்கி வைத்திருந்த தோள்கள்.

துவக்கை மேசைக்குக் கொண்டுபோய்க் கழற்றியபோது, மற்ற நடுவர், ஒரு தாடிக்காரர், துளையிலிருந்து எடுத்த மஞ்சள் களியை முகர்ந்து பார்த்தார். இருபது வருடத்தில் இவ்வளவு வாசனையான பழுதைக் கண்டதில்லை என்றார். நான் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான்தான்."

"எங்க வைச்சனீ?"

"நெத்தியிலதான் அக்கா."

"அது நெத்தியில்ல புள்ள, தொண்டை" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். துரீட்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்லமுடியாத அளவுக்குச் சிரித்தார். பழுது வந்தால் அந்தச் சுற்றை ஒருமுறை திரும்பச் சுடலாம் என்பது விதி. துடைத்துப் பூட்டித் திரும்பச் சுட்டார். கடைசியிலிருந்து நாலாவதாக வந்தார். தாளில் ஓட்டைகள் கீழே இல்லை, நடுவைச் சுற்றி இருந்தன. அந்தத் தாளை வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியதற்கு நான் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த மே பதினேழில் பச்சைக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு, நிலாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றார். பேத்தி கொடியோடு போகும்போது, நல்ல நேரம் பார்த்ததுபோலக் கோட்டையிலிருந்து முதல் பீரங்கி வெடித்தது. திடுக்கிட்டு அவர் கையைப் பிடித்தவள் நான். அக்கா கொடியை ஆட்டிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பாராமல், "காலுறை விழுந்திட்டுதோ, புள்ள?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு ஊர்வலத்தையும் அவர் விடவில்லை. அவர் போனபின் அவருடைய துவக்கைச் சட்டப்படி கழகத்து ஆட்கள் பொலிசிடம் எழுதிக் கொடுத்து எடுத்துப் போனார்கள். தாள் நிலாவிடம் இருக்கிறது. எனக்கு நிலா அந்தச் சிவப்புப் பொய்த் தோட்டாவைத் தந்தாள். என் சாமி அறையில், விளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைக்கிறேன். அதற்கு மட்டும் எங்கே வைத்தாலும் பழுதில்லை.