நுரை மேல் நின்ற எண்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஏழு இருபதுக்குக் கிளம்பும் படகில், அண்ணனின் வேலை இருக்குமா போகுமா என்பது தெரிந்துவிடும். முந்தைய நாள் காலைவரை அவருடைய தங்கைக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

அலுவலகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள், முகத்துக்கு நேராகவே. திரையில் எழுத்து வைப்பதுதான் அவள் பிழைப்பு. ஆஸ்பத்திரிக் கருவியோ பாரந்தூக்கியோ, எதன் திரையானாலும் அதிலுள்ள எண்ணும் பொத்தானும் பார்க்கிறவர் கண்ணில் பளிச்சென்று பட வேண்டும். ஓட்டலில் உட்கார்ந்தால், வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்துப் போட்டவனைத் திட்டி முடித்த பிறகுதான் என்ன சாப்பிடுவது என்று யோசிப்பாள். சினிமாவுக்குப் போனால் கதை ஒரு பக்கம் ஓடும். இவள் அடியில் ஓடும் வசனம் யாருடைய வெள்ளைச் சட்டைமேல் விழுந்து காணாமல் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளோடு படம் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை.

அண்ணன் படகோட்டி. ஆறு கடலில் சேரும் இடத்தில், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் படகு. அதைப் பின்பக்கமாகத்தான் துறையில் சேர்க்க வேண்டும். இத்தனை வருடமும் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தே சேர்த்தவர். போன வருடம் கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, கழுத்துதான் திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் அலமாரியைத் திருப்புவதுபோல் மொத்த உடம்பையும் திருப்பினார். துறைமுக அலுவலகம், டிக்கெட் கூண்டில் ஒரு நாற்காலி தருகிறோம் என்றது. அந்தக் கூண்டில் ஏற்கெனவே அண்ணி இருக்கிறாள்.

"வீட்டுல பாக்கற மூஞ்சி போதாதா, இங்கயும் பக்கத்துல உக்காரணுமா?" என்றாள் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு மதியம்வரை அக்கரை போகிறவர்களுக்கெல்லாம் குழந்தை டிக்கெட்டையே கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் பூதக்கண்ணாடி கிளம்பினாள். படகின் பின்னால் ஒரு கேமரா, சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரையில் துறைச்சுவர் தெரியும். படத்தின் மேலேயே, நடுவில், சுவருக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்ற எண் ஓடும். துறைமுக அலுவலகமும் சரி என்றது. ஆனால் அதிகாரி ஒருவர் படகில் ஏறி நேரில் பார்த்துத்தான் ஒப்புவார்.

எண்ணைப் படத்தின் மேல் வைப்பதில்தான் வம்பே. ஆற்றில் நிறம் நிலையாக நிற்காது. நடுவில் சாம்பல், வெயில் பட்டால் வெள்ளி, சுவரின் நிழலில் கறுப்பு. வெள்ளை எண் வெயிலில் கரையும்; கறுப்பு எண் நிழலில் மூழ்கும். எண்ணுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்றை ஒட்டிப் பார்த்தாள். எண் தெரிந்தது, சுவரோரம் கயிறு பிடிக்க நிற்பவரின் கால் மறைந்தது. கால் தெரியாமல் படகைச் சேர்ப்பதற்குப் பதில் கண்ணை மூடிக்கொண்டே சேர்க்கலாம். எண்ணைப் படத்துக்கு வெளியே வைத்தால், கண்ணை அங்கும் இங்கும் ஓட்ட அண்ணனுக்கு நேரம் கிடையாது.

கடைசியில் அவள் கண்டுபிடித்தது அவளுக்கே பெருமையாக இருந்தது. பின்னால் வெளிச்சம் என்றால் எண் தானாகக் கறுப்பாகும். இருட்டு என்றால் தானாக வெள்ளையாகும். ஆற்றைப் பல வேளைகளில் படமெடுத்து வந்து, ஒவ்வொரு படத்தின் மேலும் எண்ணை வைத்துப் பார்த்தாள். ஒன்றில்கூடத் தவறவில்லை. அவளுடைய அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

எல்லாம் நின்ற படங்கள். தண்ணீர் நிற்காது என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்ச் எட்டாம் தேதி காலை, ஆட்களை ஏற்றாமல் வெறும் படகில் ஒத்திகை. நடு ஆற்றில் எல்லாம் ஒழுங்கு. துறை நெருங்கியதும், வேகத்தைக் கொல்ல அண்ணன் இயந்திரத்தை எதிர்த்திசைக்கு மாற்றிப் போட்டார். பின்னால் தண்ணீர் கொதித்தது. ஒரு நுரைக்கட்டி வெள்ளை, அதன் இடுக்கு கறுப்பு, அடுத்த கணம் இடம் மாறி. திரையில் எண்ணும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று துடித்தது. மூன்றா எட்டா என்று அதைப் பெற்றெடுத்தவளுக்கே தெரியவில்லை.

"தள்ளு, தள்ளு," என்று சுவரிலிருந்து கயிற்றுக்காரர் கத்தினார். அண்ணன் விசையை அழுத்தினார். படகு சுவரை முத்தமிடாமல் ஒரு சாண் தள்ளி நின்றது.

அண்ணன் இயந்திரத்தை அணைத்தார்.

"ஏம்மா," என்றார் அண்ணன், திரையைப் பார்த்தபடியே, "உன் நம்பருக்கு ஜன்னி கண்டிருக்கா?"

"அண்ணா, நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பண்ணு. இல்லன்னா உங்க அண்ணிகிட்ட நீயே போய்ச் சொல்லு, கூண்டுல எனக்கு இடம் ஒதுக்கச் சொல்லி."

அவள் கரைக்கு இறங்கவில்லை. உயிர்காப்பு உடுப்புப் பெட்டியின் மேல் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். திரையைத் துணி போட்டு மூடிவிட்டு, அண்ணன் அடுத்தடுத்த நடைகளை, சோதனைவரைக்கும் என்று துறைமுக அலுவலகம் விட்டிருந்தபடி, கயிற்றுக்காரரைப் பின்னால் நிறுத்தி அவர் குரலை வைத்தே ஓட்டினார். கேமராவின் படத்தைத் தன் மடிக்கணினிக்கு இழுத்து, அதன் மேல் அவள் எண்ணை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

முதலில், நிறம் மாறுவதற்குக் கொஞ்சம் தாமதம் வைத்தாள். துடிப்பு நின்றது. ஆனால் சுவரின் நிழல் சட்டென்று விழுந்தபோது, எண் கறுப்பாகவே இருட்டில் தங்கிவிட்டது; எந்த இடத்தில் அது மிகவும் தேவையோ அதே இடத்தில். அதை அழித்தாள். எண்ணைப் பெரிதாக்கினாள். பெரிய துடிப்பு கிடைத்தது.

மதியம் அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு படகில் ஏறினாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, கப்பல் கவுந்தாப்ல உக்காந்திருக்க?"

"ஒரு மாச வேலைய தூக்கிப் போடணும் போல இருக்கு அண்ணி."

"போடு. உனக்கு ஒரு மாசம். அவருக்கு மீதி ஆயுசு."

அந்த ஒரு மாத வேலையின் முதல் வாரத்திலேயே ஒரு யோசனை வந்திருந்தது. பழைய பாணி என்று அவளே ஒதுக்கியிருந்தாள். எண் எப்போதும் வெள்ளை. அதைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுப்பு விளிம்பு. எதுவும் மாறாது, எதுவும் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருக்காது. அவள் தன் கண்டுபிடிப்பு முழுவதையும் அணைத்துவிட்டு அதைப் போட்டாள்.

படகு துறையை நெருங்கியது. தண்ணீர் கொதித்தது. எண் அசையவில்லை.

நுரை வெளுத்தபோது விளிம்பு எண்ணைத் தாங்கியது. நிழல் விழுந்தபோது வெள்ளை உடம்பு தாங்கியது. அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில் ஐந்து ஐந்தாகவே இருந்தது, பிறகு நான்கானது. இருபது வருடமாக எழுத்து வைக்கிறவள், எழுத்தை முதல்முறை பார்ப்பவள்போல வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆறு முழுக்க மேலே விழுந்து புரள்கிறது; ஒரு மயிரிழை அதைத் தடுத்து நிறுத்துகிறது. படகு சேர்ந்து, ஆட்கள் இறங்கிப் போன பிறகும் அவள் எழவில்லை.

மீதிப் பொழுது விளிம்பின் கனத்தைப் பார்ப்பதில் போனது. அண்ணனின் திரையிலேயே போட்டு, கயிற்றுக்காரரையும் பின்னால் நிற்கவைத்தார்கள். மெலிந்தால் நுரை தின்றது. தடித்தால் எட்டின் வயிறு அடைத்துக்கொண்டது. அண்ணன் முன்னால் பார்த்தபடி, ஓரக்கண்ணால் எண்ணைச் சொல்ல வேண்டும்.

"ஆறு."

"எட்டு அண்ணா."

"அப்ப உன் எட்டு ரொம்பத் தின்னுட்டு வந்திருக்கு. இளைக்க வை."

வெயில் சாயும் முன்னால் அவர் தவறவிடுவது நின்றது.

ஒன்பதாம் தேதி காலை அதிகாரி வந்தார். கையில் தூரம் அளக்கும் கருவி, முகத்தில் காபி குடிக்காதவரின் களைப்பு. அக்கரைத் துறையில் சேரும்போது சூரியன் நேரே கேமராவுக்குள் இறங்கும். அந்த நடையைத்தான் அவர் கேட்டு வாங்கியிருந்தார். படகோட்டும் அறைக்குள் மூன்று பேர். வெளியே வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிடியைப் பற்றி நெருக்கியடித்து நின்றார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே.

"சத்தமாப் படிங்க," என்றார் அதிகாரி.

"பன்னெண்டு," என்றார் அண்ணன். படகு திரும்பியது. திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஆற்றையே காணோம், சுவர் ஒரு கோடு மாத்திரம். "ஒம்பது. ஏழு."

அதிகாரி கருவியைப் பார்த்தார். அண்ணன் இயந்திரத்தை மாற்றினார். நுரை எழுந்தது. "அஞ்சு. நாலு." கயிற்றுக்காரர் அன்றைக்குப் பார்த்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், சுவர்மேல் கயிற்றோடு, திரையில் நேராக எண்ணுக்குப் பின்னால் வந்து நின்றார். வெளியே வெயில், கீழே நுரை, பின்னால் சட்டை, எல்லாம் வெள்ளை. அவற்றின் மேல் வெள்ளையில் மூன்று.

"மூணு," என்றார் அண்ணன், காய்கறி விலை சொல்வதுபோல. "ரெண்டு. ஒண்ணு. ஆச்சு."

படகு சுவரில் பூப்போல ஒட்டியது. தங்கை மூச்சு விட்டாள்.

அதிகாரி திரையருகே குனிந்தார். எண்ணின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"சுத்தி ஏதோ அழுக்கு மாதிரி இருக்கே."

"அழுக்கு இல்ல சார்," என்றாள் அவள். "அதுதான் வேலை."

"இவ்வளவு நேரம் என் கண்ணுல படலையே."

"பட்டிருந்தா நான் தோத்திருப்பேன் சார்."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார், பிறகு திரையை. விரலை எடுக்க மறந்தவர்போல் அங்கேயே வைத்திருந்தார். "வெயில்ல ஒத்துக்கறேன்," என்றார் கடைசியில். "மூடுபனியில நான் பார்க்கணும். அதுவரைக்கும் பனி இல்லாத நாள்ல இவரே ஓட்டட்டும்."

வரும்வழியில் அவள் அண்ணிக்கு போன் செய்து சொன்னாள். அண்ணி கேட்டுக்கொண்டு, "சரி, வரிசை நீளமா இருக்கு, வை," என்றாள். ஆனால் உடனே வைக்கவில்லை.

மூடுபனிச் சோதனைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. பனி இல்லாத நாட்களில் காலை ஏழு இருபது படகை அண்ணன் ஓட்டுகிறார்.