பெரிய தெருவில் நின்ற ஜீப்

உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்ததில் என் விரல் நுனியெல்லாம் தோலுரிந்திருந்தது. பானெட்டின் மேலிருந்த மஞ்சள் பெயிண்ட் போய், அதற்கடியில் ஒரு சாம்பல் பூச்சும் போய், பட்டாளத்துப் பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையில் வெள்ளை எண்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. அண்ணன் குனிந்து பார்த்தார். "இதுதான் பாப்பா, இதுதான் இதோட நெசமான நம்பரு" என்றார். யுத்தத்தின்போது அஸ்ஸாம் மலைகளில் ஜீப் ஓட்டிவிட்டு வந்த மனுஷர், எதற்கும் கண் கலங்காதவர், அன்று மூக்கை உறிஞ்சினார். நான் பார்க்காத மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அது நாற்பதுகளின் கடைசி. சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்த சமயம். பெரம்பலூரில் மரவாடி வைத்திருந்த பாய் ஒருவர், திருச்சியிலிருந்து இந்த ஜீப்பை வாங்கி வந்து போட்டிருந்தார். என்ஜினைக் கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டும் என்பது அவர் உத்தேசம். அவரிடம் வேலைக்குச் சேர்ந்து, என்னையும் ஊரிலிருந்து கூட்டி வந்து உடன் வைத்திருந்த அண்ணன் அதற்கு விடவில்லை. "முழுசா ஓட வச்சுக் காட்டுறேன் பாய். மரம் பாக்கப் போக வர நானே ஓட்டுறேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். பாய் நல்லவர். "சரி தம்பி. சிவப்பு அடிச்சு, மேல கூண்டு கட்டிட்டா ஜம்முன்னு இருக்குமே" என்றார். முடியவே முடியாது என்றார் அண்ணன். பட்டாளத்தில் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருக்க வேண்டும், ஒரு திருகாணிகூட மாறக்கூடாது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குத் தெரியும். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவுக்குப் போக ஒரே பாதை, அது பெரிய தெரு வழியாகப் போகும். நிலபுலன் உள்ளவர்கள் குடியிருந்த தெரு. அவர்கள் வயலில் கூலிக்குப் பாடுபட்ட நாங்கள் அந்தத் தெருவில் எதன்மேலும் உட்கார்ந்து போகக்கூடாது. சைக்கிளானாலும் தெருமுனையில் இறங்கி, மறுமுனைவரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பட்டாளத்திலிருந்து திரும்பிய வாரம் அண்ணன் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. நாலு பேர் பிடித்து இழுத்துப் போட்டார்கள். சைக்கிள் கிணற்றுக்குள் போயிற்று. "வெள்ளைக்கார ஆபீசரே எம் பக்கத்துல உக்காந்து வந்தாரு பாப்பா. அந்த வண்டியில இருந்து என்னை இறங்குன்னு ஒருத்தனும் சொன்னதில்ல" என்றார் அன்றைக்கு. ஆகவே அவருக்கு வேறு எந்த வண்டியும் வேண்டாம், அந்த வண்டிதான் வேண்டும். எனக்கும்தான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். பொன்மலையிலிருந்த அண்ணனுடைய பட்டாளத்துச் சிநேகிதர் அனுப்பிய ஜீப்பின் இங்கிலீஷ் கையேட்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எனக்குப் பொருள் புரியாத இடமெல்லாம் அவர் கைக்குப் புரிந்தது. யாரோ மாட்டியிருந்த லாரி விளக்குகளைக் கழற்றிக் கடாசினார். இந்த ஜீப்பின் முன்விளக்கைப் பின்பக்கம் திருப்பினால் என்ஜினுக்கு வெளிச்சம் காட்டும். அப்படிப்பட்ட விளக்குக்காக ஊரெல்லாம் கடிதம் போட்டோம். கோடாலி மாட்டும் கொக்கி, பின்னால் பெட்ரோல் கேன் வைக்கும் தாங்கி எல்லாம் வந்து சேர்ந்தன. மேல்துணியை நான் தைத்தேன். பெட்ரோல் அளவு காட்டும் மீட்டர் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை. லாரி மீட்டரையாவது மாட்டுங்கள் என்று நான் சொன்னதற்கு, "பொய்யா ஒண்ணு இருக்குறதுக்கு ஓட்டையாவே கெடக்கட்டும்" என்றார். டாங்கியில் குச்சி விட்டு அளக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வண்டி தயாரானதும், "மொதல்ல ஊருல அம்மாகிட்ட காட்டிட்டு வா தம்பி" என்று பாய் அனுப்பி வைத்தார். புதுச்சேலை கட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரியலூரில் நிறுத்தியபோது குச்சி விட்டுப் பார்த்திருக்க வேண்டும். கடைத்தெருவில் நின்றவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் எனக்குத் தலைகால் புரியவில்லை, மறந்துபோனேன். பெரிய தெருவில் பாதி தாண்டியிருப்போம். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

ஜனம் கூடிவிட்டது. பெரியவர் ஒருவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். "இறங்குடா. இறங்கித் தள்ளிட்டுப் போ." அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் கேன் நிறையப் பெட்ரோல் இருந்தது. ஆனால் ஜீப்பின் டாங்கி இருப்பது ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில். மோட்டார் சங்கதி தெரிந்த ஒருவர், "இறங்காம எப்படி ஊத்துவான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மறதியால் வந்த சிரிப்பு அது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பாப்பா, பின்னால தாவு" என்றார் அண்ணன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சீட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனேன். வெளியே தொங்காத குறையாகக் குனிந்து வாரை அவிழ்த்துக் கேனைத் தூக்கினேன். அண்ணன் என் சீட்டுக்கு நகர்ந்து, தன் சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தார். பாதி டாங்கிக்குள் போயிற்று, மீதி என் சேலையில். "காலு நாலும் வண்டிக்குள்ளதான் இருக்கு, நல்லா பாத்துக்கங்க!" என்று கத்தினேன். அந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

காலால் மிதிக்கிற ஸ்டார்ட்டர். மிதித்தார், பிடிக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. "பாட்டரி செத்துப் போச்சு. இனி முன்னால வந்து கைப்பிடி போட்டுச் சுத்தித்தான் ஆவணும்" என்று சிரிப்பு வலுத்தது. ஐந்தாவது மிதிக்கு என்ஜின் உறுமியது. அண்ணன் கியரைப் போட்டார். முன்னால் நின்ற பெரியவர் ஓரமாக விலகினார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் தெருவுக்கே வயல்வேலை கொடுக்கவில்லை. எங்கள் ஆட்களே சிலர் எங்களைத் திட்டினார்கள். அவர்கள் வயிறு காய்ந்தது பொய்யில்லை. இருந்தும் நான் செய்ததற்கு வருந்தியதில்லை. அண்ணன் மாதம் தவறாமல் அந்தத் தெரு வழியே ஜீப்பில் வந்து போனார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

இப்போது பெரிய தெருவிலேயே பஸ் நிற்கிறது. எங்கள் தெருவுக்கு அதுதான் கிட்ட. அடுத்த ஸ்டாப்பிங் எங்கள் தெருவைத் தாண்டி வெகுதூரம் தள்ளி, ஏரிக்கரையில். எனக்கோ முழங்கால் வலி. போன வாரமும் கண்டக்டர் கேட்டான்.

"ஆயா, இங்க இறங்குனா வூடு பக்கமாச்சே. அங்க போயி இறங்கி, எதுக்குத் திரும்பி நடக்குறீங்க?"

"நீ விசில் குடு தம்பி. இந்தத் தெருவுல நான் இறங்க மாட்டேன்."